யாருக்காகக் கண்காணிப்பு? மடுல்சீமைக் கோப்பி இலையில் இருந்து மீரியபெத்தை வரை

பேராதனைப் பூங்காவுக்கு ஒருக்காவாவது போகாத ஆட்கள் நம்மில குறைவு. ஸ்கூல் ட்ரிப்பில போயிருப்போம், பனை வரிசைக்கு நடுவில நின்று குரூப் போட்டோ எடுத்திருப்போம். கம்பஸ் ஆட்களைக் கேட்டால், அது ஜோடிகள் குடை பிடிச்சுக்கொண்டு உட்காரும் இடம் என்று சிரிப்பாங்க. நானும் அதுக்கு மேல யோசிச்சதில்லை. மலையக வரலாறு பற்றி ஒரு அசைன்மென்டுக்காக வாசிக்கத் தொடங்கின பிறகுதான் 1821இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவுக்கு இன்னொரு முகம் இருப்பது தெரிந்தது. எந்தப் பயிர் இந்தத் தீவில் காசாகும் என்று பிரித்தானியர் பரீட்சித்துப் பார்த்த இடம் அது. பயிருக்கு நோய் வந்தால் தோட்டத்துரைமார் இலையைக் கட்டி அனுப்பி வைத்ததும் அங்கேதான்.

1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பித் தோட்டமொன்றில் இருந்து அப்படிச் சில இலைகள் பேராதனைக்கு வந்தன. இந்தக் கட்டுரை அந்த இலைகளில் தொடங்கி, 2014இல் மண்ணுக்குள் போன லயங்களில் முடியும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்க. இரண்டிலும் விஞ்ஞானம் களத்துக்குப் போய்ப் பார்த்தது, அளந்தது, எழுதி வைத்தது. எழுதினதைக் கையில் வாங்கினவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் என்னுடைய கேள்வி.

நாசகார எமிலி

அந்த இலைகளின் அடிப்பக்கத்தில் மஞ்சள் பொட்டுகள் இருந்தன. விரலால் தொட்டால் செம்மஞ்சள் தூள் ஒட்டும். பூங்காவின் பணிப்பாளர் த்வெய்ட்ஸ் தனக்குத் தெரிந்த எந்த நோயோடும் அதைப் பொருத்த முடியாமல், இங்கிலாந்தில் இருந்த பூஞ்சண வல்லுநரான பெர்க்லி பாதிரியாருக்கு அனுப்பினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது ஒரு பூஞ்சணம் என்று 1846இலேயே வாதாடியவர் அவர். அதே 1869இல் கோப்பி இலையில் இருந்த பூஞ்சணத்துக்கு அவர் பெயர் வைத்தார்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். அதன் வித்திகள் ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருக்கும். 'பாதி வழுவழுப்பு' என்பதுதான் பெயரின் முதல் பாதி. இரண்டாம் பாதிக்கு 'நாசம் செய்பவள்' என்று அர்த்தம். வாயில் நுழையாத பெயரைத் துரைமார் 'நாசகார எமிலி' என்று பகிடியாக்கிக் கொண்டார்கள்.

எமிலி இலங்கைக்காரி இல்லை. இந்தப் பூஞ்சணத்தின் தாயகம் ஆபிரிக்கா. கோப்பியும் ஆபிரிக்காவில் இருந்து வந்த செடிதான். இன்றைக்கு 'ஆக்கிரமிப்பு இனம்' என்று சொன்னதும் நாங்க ஆகாயத்தாமரையையும் உண்ணிச்செடியையும் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூளும் அந்தப் பட்டியலில் சேர வேண்டியதுதான். காட்டை வெட்டி எரித்து, ஒரு மலை முழுக்க, பக்கத்து மலை முழுக்க, ஒரே செடியை நட்டு வைத்தால் வந்த விருந்தாளிக்கு வேறென்ன வேணும்?

நோய் உடனே மரத்தைக் கொல்லவில்லை. இலை கொட்டும், பிறகு தளிர்க்கும். அதனால் பலர் பெரிதாக எடுக்கவில்லை. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் சில வருடங்களில் ஏறக்குறைய பாதியானது, ஆனால் விலை அந்தக் குறையை மறைத்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? இன்னும் காடு வெட்டினார்கள். திம்புளை, டிக்கோயா, மஸ்கெலியா என்று கோப்பி மேல்நோக்கி ஏறியது. நோய் பரவிக்கொண்டிருந்த அதே வருடங்களில்தான் கோப்பி நிலத்தின் பரப்பளவும் கூடியது.

1873இல் லண்டன் கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், உயரமான இடங்களில் காடு வெட்டுவதை நிறுத்தச் சொல்லி அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். 5,000 அடிக்கு மேலே காடு வெட்டக்கூடாது என்ற கட்டளை அப்படித்தான் வந்தது. ஹோர்ட்டன் சமவெளி இன்றைக்கும் மிச்சம் இருப்பதற்கு அது ஒரு காரணம். 5,000 அடிக்குக் கீழே இருந்த சரிவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அந்தச் சரிவுகளிடம் பிறகு திரும்பி வருவோம்.

கண்ணாடித் துண்டு வைத்த இளைஞர்

1880இல் அரசாங்கம் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளரை இரண்டு வருட வேலைக்கு இங்கே கொண்டுவந்தது. அவருக்கு அப்போது இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசுதான். நம்மில பலர் டிகிரி முடிக்கிற வயசு.

வார்ட் செய்த வேலையை வாசிக்கும்போது எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது. கண்ணாடித் துண்டுகளில் கிளிசரின் பூசிக் கோப்பிச் செடிகளுக்கு இடையில் வைத்தார். காற்றில் வரும் வித்திகள் அதில் ஒட்டிக்கொண்டன. நோய் மண்ணில் இருந்து வருகுதா, வேரில் இருந்து வருகுதா என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், காற்றில்தான் வருகுது என்று காட்ட ஒரு கண்ணாடித் துண்டு போதுமாக இருந்தது. இலையின் மேல் நிற்கும் ஒரு துளித் தண்ணியில் வித்தி முளைக்குது, இலையின் அடியில் இருக்கும் நுண்துளை வழியாக உள்ளே போகுது, ஏறக்குறைய இரண்டு கிழமையில் மஞ்சள் பொட்டாக வெளியில் வருகுது என்பதையும் படிப்படியாகக் கவனித்து எழுதினார். பருவமழைக்கும் நோயின் அலைக்கும் உள்ள தொடர்பு அதோடு விளங்கியது.

துரைமாருக்கு வேணுமாக இருந்தது மருந்து. வார்ட் கொடுத்தது விளக்கம். பூஞ்சணம் இலைக்குள் போய்விட்டால் மேலே தூவும் கந்தகமும் சுண்ணாம்பும் அதைத் தொடாது, போகிறதுக்கு முன்னமே தடுக்க வேணும் என்றார். காற்றைத் தடுக்க எதுவும் இல்லாமல் மைல் கணக்கில் ஒரே பயிரை நட்டதுதான் நோய் இப்படி ஓட வழிசெய்தது என்றும் எழுதினார். இதைக் கேட்க அவர்கள் அவரைக் கூப்பிடவில்லை. அவர் 1882இல் வெளியிட்ட ஆய்வுகள் தாவரநோயியலில் இன்றைக்கும் பேசப்படுகின்றன. கோப்பியை அவை காப்பாற்றவில்லை. 1870களில் பத்து லட்சம் அந்தர் வரைக்கும் எட்டிய வருட ஏற்றுமதி, 1890 அளவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1884இல் ஓரியண்டல் வங்கியே மூடப்பட்டது.

எண்ணப்பட்டவையும் எண்ணப்படாதவையும்

இந்தக் கதையை வழக்கமாக எப்படிச் சொல்லுவாங்க? கோப்பி செத்தது, தேயிலை வந்தது, ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே லூல்கந்துரையில் நட்டிருந்தார், இலங்கை பிழைத்தது. ஓ.எல். பரீட்சைக்கு அவ்வளவு எழுதினால் புள்ளி கிடைக்கும்.

அந்த இலைகளை ஒவ்வொரு நாளும் கையால் தொட்டவர்கள் யார் என்று ஒரு கேள்வி மட்டும் வினாத்தாளில் வராது. பழம் ஆய்ந்தவர்களும் புல் வெட்டினவர்களும் சுண்ணாம்பு தூவினவர்களும் தமிழ்நாட்டில் இருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்த சனம். மெட்ராஸ் மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். சரியாகக் கோப்பி சரிந்துகொண்டிருந்த நேரம். தோட்டங்கள் முறிந்தபோது மாதக்கணக்கில் சம்பளம் கொடுபடவில்லை. 1884இல் அதுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை போனது.

தமிழில் 'கண்காணிப்பு' என்ற சொல்லும் 'கங்காணி' என்ற சொல்லும் ஒரே வேரில் வந்தவை. மலையகத்தில் கண்காணிப்பு என்றால் நூற்றைம்பது வருடமாக என்ன அர்த்தம் என்று அந்த ஒரு சொல்லே சொல்லுது. தொழிலாளரை யாரும் எண்ணாமல் விடவில்லை. செக்றோலில் தினமும் பேர் விழுந்தது. அவர்கள் ஒரு நாள் வேலையாக எண்ணப்பட்டார்கள். கோப்பி இலை ஒரு பண்டமாகக் கவனிக்கப்பட்டது. சம்பளம் இல்லாமல் லயத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்க்க யாரும் கண்ணாடித் துண்டு வைக்கவில்லை.

தேயிலை வந்ததும் இன்னொரு விஷயம் மாறியது. கோப்பிக்குப் பழம் ஆயும் காலத்தில்தான் நிறைய ஆட்கள் தேவை. தேயிலைக்கு வருடம் முழுக்க ஆள் வேணும். வந்து போன சனம் குடும்பமாக நிலைத்தது. கோப்பிக் காலத்தில் தொடங்கின லய வரிசைகள் நிரந்தரக் குடியிருப்புகளாயின. காடு இழந்த சரிவுகளில் வீடுகள் வந்தது இப்படித்தான். எந்தச் சரிவில் லயம் கட்டுவது என்று தீர்மானித்தவர்கள் அதில் குடியிருக்கவில்லை.

மழைமானி

பழைய தோட்டங்களில் மழைமானி இருக்கும். காலையில் அளந்து கொப்பியில் எழுதுவது நீண்ட காலப் பழக்கம். எத்தனை அங்குலம் பெய்தது என்பது கொழுந்துக்குத் தேவையான கணக்கு. அதே மழைதான் மண்ணுக்குள் இறங்கி மலையின் பாரத்தைக் கூட்டுது, மண்துணிக்கைகளின் பிடியைத் தளர்த்துது. கான்கள் அடைபட்டால் வெளியேற வழி இல்லாத தண்ணி சரிவுக்குள்ளேயே நிற்கும். முன்னொரு காலத்தில் சரிந்து வந்து குவிந்த தளர்வான மண்ணின் மேலே குடியிருப்பு இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

1986 ஜனவரியில் மலைநாட்டில் ஏற்பட்ட மண்சரிவுகளுக்குப் பிறகுதான் இதை முறையாகக் கண்காணிக்கும் வேலை பெரிதாகத் தொடங்கியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரிக்க ஆரம்பித்தது. சரிவின் சாய்வு, மண்ணின் தடிப்பு, பாறையின் வகை, நீரோட்டம், நிலப் பயன்பாடு எல்லாவற்றையும் களத்தில் நடந்து பார்த்து 1:10,000 அளவில் வரைந்த படங்கள் அவை. மழைக்கும் வரம்புகள் வகுத்தார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இரு. 100 என்றால் வெளியேறத் தயாராகு. 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால், உடனே வெளியேறு. சில கிராமங்களில் சனமே பார்க்கக்கூடிய எளிய மழைமானிகளும் கொடுக்கப்பட்டன. கொழுந்துக்காக அளந்த மழையை உயிருக்காகவும் அளக்கத் தொடங்க இவ்வளவு காலம் எடுத்திருக்கு.

2014 ஒக்டோபர் 29

கொஸ்லந்தைக்குக் கிட்ட, மீரியபெத்தைத் தோட்டம். காலை நேரம். பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்கள். மலை இறங்கி வந்து லயங்களை மூடியது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்று தெரியாமல் இது நடக்கவில்லை. அங்கே இருப்பவர்களை வேறிடத்தில் குடியேற்ற வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அதாவது ஒன்பது வருடத்துக்கு முன்னமே விஞ்ஞானம் அந்த மலையைப் பார்த்துவிட்டது.

நடந்த பிறகு நாடே கேட்ட முதல் கேள்வி, எத்தனை பேர் உள்ளே? பதில் இல்லை. நூறு என்றார்கள், இருநூறு என்றார்கள், முன்னூறு என்றும் செய்தி வந்தது. கடைசியில் இறந்தோரும் காணாமல் போனோரும் முப்பதுக்கு மேல் என்று கணக்கு நின்றது. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று யோசிச்சுப் பாருங்க. தோட்டத்தில் வேலை செய்பவரின் பெயர் செக்றோலில் இருக்கும். வயசாகி நின்றவர், கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்தவர், சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை, இவர்களின் பெயர் அதில் இருக்காது. மலையின் சாய்வைப் பாகையில் சொல்லக்கூடிய நாட்டுக்கு, அதுக்குக் கீழே தூங்கினவர்களின் எண்ணிக்கையைச் சொல்ல முடியவில்லை.

இதில் சனத்தைக் குற்றம் சொல்லும் ஒரு பேச்சும் அப்போது இருந்தது. "சொன்னோம், அவங்க போகல்ல." இதைக் கேட்கும்போது எனக்கு வார்ட்டும் துரைமாரும் ஞாபகம் வருது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். துரைமாரிடம் நிலம் இருந்தது, தெரிவு இருந்தது. ஒரே பயிரை நடாமல் விட அவர்களால் முடியும். லயத்தில் இருப்பவருக்குத் தான் குடியிருக்கும் காம்பராவே சொந்தம் இல்லை. எழும்பிப் போனால் எங்கே போவது? வேலைக்கு எப்படி வருவது? பிள்ளையின் பள்ளிக்கூடம்? சுவரில் வெடிப்பு வருவதையும், புதிசாக ஊற்று கிளம்புவதையும், தெளிந்த தண்ணி கலங்கி வருவதையும் முதலில் காண்பது அங்கே இருக்கிறவர்கள்தான். காண்பதற்கு அவர்களுக்கு வரைபடம் தேவையில்லை. போவதற்கு நிலம் தேவை. மீரியபெத்தையில் தப்பினவர்களுக்குப் புது வீடுகள் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடம் எடுத்தது. அந்த வீடுகள் 2005இல் வந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நான் விஞ்ஞானத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சொல்லப்போனால் அந்த வரைபடங்களைப் போட மலை மலையாக நடந்தவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் கூடியிருக்கு. ஆர்ட்ஸ் ஃபகல்டிக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். மழைமானி எத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு யார் எழும்பி ஓட வேணும், யாருக்கு ஓட இடம் இருக்கு, யாருக்கு இல்லை என்பதை வரலாறுதான் சொல்லும்.

இன்றிரவும் மழை பெய்தால், ஏதோ ஒரு தோட்டத்தில் யாரோ ஒருவர் டோர்ச்சோடு வெளியில் வந்து அந்தச் சின்ன மழைமானியைப் பார்ப்பார். 150 என்று கண்டால் லயம் லயமாகக் கதவு தட்டுவார். சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழும்பும். அவர்கள் போய் நிற்க, விடிந்த பிறகும் திரும்பி வரத் தேவையில்லாத ஒரு துண்டு நிலம் இருக்க வேணும்.