முகப்புக்குள் அடங்காத வீடு: ‘தி பிராடி பஞ்ச்’ தொடரின் செட் முரண்களும் அவற்றின் காரணங்களும்

முன்னுரை

‘தி பிராடி பஞ்ச்’ அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1969 செப்டம்பர் 26 முதல் 1974 மார்ச் 8 வரை 117 அத்தியாயங்களாக ஒளிபரப்பான குடும்ப நகைச்சுவைத் தொடர். இதை உருவாக்கியவர் ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ். மூன்று மகன்களின் தந்தையான மைக் பிராடியும் மூன்று மகள்களின் தாயான கேரலும் மறுமணம் செய்துகொள்கிறார்கள். ஆறு பிள்ளைகளோடும், வீட்டைப் பராமரிக்கும் ஆலிஸோடும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். மைக் கட்டடக் கலைஞர். அவர்கள் வாழும் வீடும் அவருடைய வடிவமைப்பே என்பது தொடரின் கதை.

தெருவிலிருந்து நமக்குக் காட்டப்படும் முகப்பையும் உள்ளே காட்டப்படும் அறைகளையும் ஒரே வரைபடத்தில் பொருத்த முயன்றால் அந்த வீடு நிற்காது. இத்தகைய பொருத்தமின்மைகளைத் தேடிப் பட்டியலிடுவது ரசிகர்களின் நெடுநாள் பழக்கம். அந்தப் பட்டியல்களில் உழைப்பு இருக்கிறது. ஆனால் எல்லா முரண்களையும் ‘பிழை’ என்ற ஒரே தலைப்பின்கீழ் அடுக்குவதால், எது எதனால் வந்தது என்ற கேள்வி அவற்றில் எழுவதில்லை. ஒவ்வொரு செட் முரணும் ஒரு குறிப்பிட்ட தயாரிப்புத் தேவையின் தடயம். ஆகவே அது தொலைக்காட்சித் தொழிலின் வரலாற்றுக்கு நேரடிச் சான்று. இதுவே இக்கட்டுரையின் முதல் வாதம். திரும்பத் திரும்பப் பார்க்கும் வழக்கம் செட்டுக்கு அளித்த அதிகாரம், உண்மையான கட்டடத்தின் அதிகாரத்தையே விஞ்சியது என்பது இரண்டாவது வாதம்.

முகப்பும் உள்ளறைகளும்

முகப்பாகக் காட்டப்பட்ட வீடு லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஸ்டுடியோ சிட்டி பகுதியில், டில்லிங் தெருவில் இருக்கிறது. 1959இல் கட்டப்பட்ட அதன் தளங்கள் அரைமாடி உயர வேறுபாட்டில் அமைந்தவை, கூரை தாழ்வானது. கட்டடக் கலைஞர் ஒருவர் குடியிருக்கக்கூடிய வீடாகத் தோற்றமளித்ததால் அதைத் தேர்ந்ததாக ஷ்வார்ட்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். உள்ளறைகள் அனைத்தும் பாரமவுண்ட் நிறுவனத்தின் 5ஆம் எண் படப்பிடிப்புத் தளத்தில் தனியாக எழுப்பப்பட்டன. உயர்ந்த வரவேற்பறை, இடைவெளி விட்ட பலகைப் படிகளாலான மாடிப்படி, மேலே ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி அறைகள், இரண்டுக்கும் பொதுவான ஒரு குளியலறை என்று அங்கே முழுமையான ஒரு மாடிவீடு உருவாயிற்று. தாழ்ந்த கூரைக்கு அடியில் அந்த மாடிக்கு இடமில்லை.

தயாரிப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். மேலே ஒரு தளம் இருப்பதுபோலத் தோன்ற வேண்டும் என்பதற்காக, படம்பிடிக்கும்போது முகப்பின் மேற்பகுதியில் ஒரு பொய்ச் சன்னலைப் பொருத்தினார்கள். இந்தச் சன்னல் இக்கட்டுரைக்கு முக்கியமான சான்று. முரண் தெரிந்திருந்தது, அதை எந்த அளவுக்கு மறைத்தால் போதும் என்ற கணக்கும் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. சில நொடிகள் மட்டுமே திரையில் நிற்கும் முகப்புக்கு ஒரு சன்னல் போதும். பாத்திரங்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டுக்கோ உண்மையான உயரம் வேண்டும். முகப்பின் வேலை குடும்பத்தின் வர்க்கத்தையும் தந்தையின் தொழிலையும் ஒரே பார்வையில் சொல்வது. செட்டின் வேலை எட்டுப் பேரை ஒரே சட்டகத்துக்குள் நிறுத்துவதும், படிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிக் காட்டுவதும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே கட்டடம் செய்ய வேண்டிய கட்டாயம் தயாரிப்பில் எங்கும் இருக்கவில்லை.

மூவகைக் காரணங்கள்

தொடரின் மற்ற முரண்களும் இவ்வாறே காரணம் காட்டுகின்றன. அவற்றை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, தொழில்நுட்பக் காரணம். கொல்லைப்புறத்துக்குத் திறக்கும் நகர்கதவுச் சட்டங்களில் கண்ணாடி இல்லை. கண்ணாடி இருந்தால் விளக்குகளும் கேமராவும் அதில் பிரதிபலிக்கும். அந்தக் கொல்லைப்புறமும் படப்பிடிப்புத் தளத்துக்குள்தான் இருந்தது. அதன் புல்தரை செயற்கைப் புல். கூரைக்கடியில் அமைந்த தோட்டத்தில் ஒற்றைச் சூரியனின் ஒளியை விளக்குகளால் முழுமையாகக் கொண்டுவருவது கடினம்.

இரண்டாவது, ஒளிபரப்பு ஒழுக்கம் சார்ந்த காரணம். ஆறு பிள்ளைகள் பயன்படுத்தும் குளியலறையில் கழிப்பறைக் கோப்பை காட்டப்படவே இல்லை. 1957இல் ‘லீவ் இட் டு பீவர்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில் கழிப்பறையின் நீர்த்தொட்டியை மட்டும் காட்டுவதே தொலைக்காட்சி நிறுவனத்தோடு இழுபறிக்கு உரிய செய்தியாக இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கூச்சம் மறையவில்லை. பிராடி குளியலறையில் இல்லாத அந்தப் பொருள், அக்காலத் தொலைக்காட்சி எதைக் குடும்பத்தின் கண்ணில் படக் கூடாதென்று கருதியது என்பதை எந்த விதித்தொகுப்பையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

மூன்றாவது, கதைத் தேவை. 1971இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் மூத்த மகன் கிரெக் தனி அறை கேட்கிறான். தந்தை தம் வேலை அறையை விட்டுக்கொடுக்கிறார். 1973இல் அதே கோரிக்கை மீண்டும் எழும்போது, கூரைக்கடியில் நிமிர்ந்து நடமாடும் உயரமுள்ள ஓர் அறை கதைக்குள் வந்துவிடுகிறது. தெருவிலிருந்து பார்க்கும் கூரையில் அப்படியோர் அறைக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். நடிகர்களும் அவர்களோடு வளர்ந்தார்கள். வீடு அந்த வளர்ச்சிக்கு ஏற்ப விரிந்தது.

பார்வையாளர் அரங்கமும் ஒற்றைக் கேமராவும்

இந்த முரண்களைப் பிற தொடர்களோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலப்படுகிறது. 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கிய ‘ஐ லவ் லூசி’, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்டின் துணையோடு, பார்வையாளர்களின் முன்னிலையில் மூன்று திரைப்படக் கேமராக்களால் ஒரே நேரத்தில் படமாக்கும் முறையை நிலைநிறுத்தியது. இந்த முறையில் நான்காவது சுவர் கிடையாது. அங்கே கேமராக்களும் மக்களும் இருக்கிறார்கள். ஆகவே அறைகள் அகலத்தில் விரியும், கதவுகள் பார்வையாளரை நோக்கித் திறக்கும். 1989 முதல் 1998 வரை வந்த ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் ஜெர்ரியின் சமையலறை, வாசலுக்கு வெளியே நடைபாதை செல்ல வேண்டிய இடத்திலேயே புடைத்து நிற்பது இந்த அகலப்பாட்டின் விளைவு. நடைபாதையையும் சமையலறையையும் ஒரே தாளில் வரைந்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கும்.

‘தி பிராடி பஞ்ச்’ ஒற்றைக் கேமராவால், பார்வையாளர் இல்லாமல் படமாக்கப்பட்டது. சிரிப்பொலி பின்னர் சேர்க்கப்பட்டது. அதனால் ஓர் அறையின் எல்லாப் பக்கங்களையும் வேறுவேறு கோணங்களிலிருந்து காட்ட முடிந்தது. மேடைமுறைத் தொடரைப் பார்ப்பவரின் மனவரைபடத்தில் ஒரு பக்கம் எப்போதும் வெற்றிடமாகவே இருக்கும். பிராடி வீட்டைப் பார்த்தவருக்கு அந்த வெற்றிடம் குறைவு. வாசலில் நுழைந்து சமையலறை வழியாகக் கொல்லைப்புறம்வரை அவர் மனத்தால் நடந்து செல்ல முடியும். முகப்போடு உள்ள முரண் இங்கே துலக்கமாக நிறுவப்படுவதற்குக் காரணமும் இதுவே. உள்வீடு தன்னளவில் முழுமையாக இருந்ததால்தான் வெளிவீட்டோடு அது மோதுகிறது.

ஒரு மறுப்பும் விடையும்

இவை அனைத்தும் சிக்கனத்தாலும் அவசரத்தாலும் நேர்ந்த கவனக்குறைவு, வேறு விளக்கம் தேவையில்லை என்று ஒருவர் மறுக்கலாம். ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரின் ஒரு நிகழ்வு இதற்கு விடை தருகிறது. தொடக்க அத்தியாயங்களில் மோனிக்காவின் குடியிருப்புக்கு 5 என்றும் எதிரிலுள்ள குடியிருப்புக்கு 4 என்றும் எண்கள் இருந்தன. உயரமான மாடியில் உள்ள வீட்டுக்கு அவை பொருந்தவில்லை. பின்னர் அவை 20, 19 என்று மாற்றப்பட்டன. குறைந்த செலவில் திருத்தக்கூடியதும், திருத்துவதால் கதைக்கு இழப்பில்லாததுமான முரண் திருத்தப்பட்டது. அதே காலத் தயாரிப்புகள் கதவு, படிக்கட்டு, நடைபாதை ஆகியவற்றின் அமைப்பைத் தொடவில்லை. அவற்றைத் திருத்தினால் நடிப்பின் இயக்கமே கெடும். எது திருத்தப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதில் ஒரு முறை இருக்கிறது. கவனக்குறைவு என்ற ஒற்றை விளக்கத்தால் அந்த முறையை விளங்கிக்கொள்ள முடியாது. ‘பிழை’ என்ற சொல்லை, பழைய எண்களைப் போல எந்தத் தேவைக்கும் பணியாற்றாத முரண்களுக்கு மட்டும் ஒதுக்குவதே தகும்.

கட்டடம் செட்டுக்கு இணங்கிய கதை

2018இல் டில்லிங் தெரு வீடு விற்பனைக்கு வந்தது. எச்ஜிடிவி என்னும் தொலைக்காட்சி நிறுவனம் அதை 35 லட்சம் டாலருக்கு வாங்கி, அதன் உட்புறத்தைத் தொடரில் கண்டபடியே அமைக்க முற்பட்டது. பிள்ளைகளாக நடித்த ஆறு பேரும் அதில் பங்கெடுத்தார்கள். 2019இல் அப்பணி தனித் தொடராக ஒளிபரப்பானது. முகப்பு மாறக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே தெருவிலிருந்து தெரியாதபடி பின்புறத்தில் ஏறத்தாழ 2,000 சதுர அடி சேர்க்க வேண்டியதாயிற்று. கூரையை உயர்த்த இயலாததால், படிக்கட்டுக்கு வேண்டிய உயரத்தைத் தரைமட்டத்தைத் தாழ்த்திப் பெற்றார்கள். 1969இல் ஒரு பொய்ச் சன்னல் செய்த வேலையை ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அடித்தள மட்டத்திலிருந்து செய்ய நேர்ந்தது.

இந்தத் திருத்தம் சென்ற திசையைக் கவனிக்க வேண்டும். முரண்பட்ட இரண்டில் மண்ணில் நின்றது டில்லிங் தெரு வீடு; செட்டோ ஒட்டுப்பலகையும் வண்ணமும். அளவையின்படி பார்த்தால் செட்தான் தவறானது. ஆனால் மாற்றப்பட்டது வீடு. 117 அத்தியாயங்களும் 1974க்குப் பின் பல தலைமுறைகளுக்கு மறுஒளிபரப்பாகி, அந்த வரவேற்பறையையும் ஆரஞ்சு நிறச் சமையலறையையும் லட்சக்கணக்கானோரின் நினைவில் பதித்துவிட்டன. சொந்தப் பாட்டியின் வீட்டைப் போல அதை அறிந்தவர்களுக்கு, முகப்புக்குப் பின்னால் வேறு அறைகள் இருந்ததுதான் பொருந்தாமையாகத் தோன்றியது.

முடிவுரை

அளவை வழி ஒருமை, பழக்கத்தின் வழி ஒருமை என இரண்டு உண்டு. கட்டடக் கலை முதலாவதை நாடுகிறது. சூழல் நகைச்சுவைத் தொடர் இரண்டாவதைக் கட்டுகிறது. பிராடி வீடு முதல் வகையில் தோற்று, இரண்டாம் வகையில் முழு வெற்றி பெற்றது. அந்த வெற்றிதான் 2019இல் முதல் வகையையும் அதற்குப் பெற்றுத் தந்தது.

இதிலிருந்து ஆய்வு முறைக்கு ஒரு பரிந்துரை எழுகிறது. செட் முரண் ஒன்றைக் கண்டதும் அதைத் தொழில்நுட்பம், ஒளிபரப்பு ஒழுக்கம், கதைத் தேவை ஆகிய மூன்றில் எது விளைவித்தது என்று முதலில் கேட்க வேண்டும். அடுத்து, தயாரிப்பாளர்கள் அதை மறைத்தார்களா, திருத்தினார்களா, விட்டுவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். கலை இயக்குநர்கள், தச்சர்கள், ஒளியமைப்பாளர்கள் ஆகியோரின் முடிவுகள் வசனங்களைப் போல எழுத்தில் தங்குவதில்லை. அவர்களுடைய உழைப்பின் தருக்கம் பெரும்பாலும் இத்தகைய பொருந்தாத சுவர்களிலும் கூரைகளிலும்தான் எஞ்சியிருக்கிறது. அவற்றைக் குறையென்று கடந்துபோகும் ஆய்வு, தொலைக்காட்சி வரலாற்றின் ஒரு பெரும் பணியாளர் வரிசையையே கடந்துபோகிறது.