வகுப்பறையில் செய்தித்தாள்



கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்பவர்கள் காலையில் எழுந்ததும் தெரிந்துகொள்ள விரும்பும் எண் ஒன்று உண்டு. அது முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம். கூடலூரிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து நாளிதழைப் பிரிப்பவர் முதலில் அந்த எண்ணையே தேடுவார். அணையில் எத்தனை அடி நிற்கிறது, வரும் நீர் எவ்வளவு, திறந்துவிடும் நீர் எவ்வளவு என்று பார்த்த பிறகே நாட்டு நடப்பும் உலக நடப்பும் அவருக்கு வேண்டும். நாற்று விடுவதும் விடாததும் அந்த எண்ணைப் பொறுத்தவை அல்லவா? தாளில் கண்ட அந்த எண்ணை இன்று பலர் கைப்பேசித் திரையில் காண்கிறார்கள். இடம் மாறியது, ஏக்கம் மாறவில்லை.

நான் இப்பகுதியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். இணையத்தில் வரும் நாளிதழ்களையும் செய்தித் தளங்களையும் வகுப்பறையில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதைப் பற்றி இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன். இது நேற்று வந்த பொருளாயிற்றே, வரலாற்றுக்கும் இதற்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு உண்டு, அதுவும் பழைய உறவு.

1878-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் தி. முத்துசாமி ஐயர் நீதிபதியாக அமர்த்தப்பட்டார். இந்தியர் ஒருவர் அந்தப் பதவியில் அமர்வதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் குறை கூறின. அதற்கு மறுமொழி கூற இந்தியர் கையில் ஓர் ஆங்கிலப் பத்திரிகை இல்லை. அந்தக் குறையைக் கண்டு மனம் கொதித்தவர்கள் ஆறு இளைஞர்கள். அவர்களில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள். மற்ற நால்வரும் சட்டம் பயின்ற மாணவர்கள். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 படிகள் அச்சிட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் 'தி இந்து' என்னும் வார இதழை வெளியிட்டார்கள். சுப்பிரமணிய ஐயரே 1882-இல் 'சுதேசமித்திரன்' இதழையும் தொடங்கித் தமிழ் மக்களுக்குச் செய்தி சொன்னார்.

இந்த வரலாற்றில் நாம் உள்ளத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆசிரியரும் மாணவரும் கூடிப் பெற்றெடுத்த பத்திரிகை அது. அது பிறந்த காரணம் என்ன? ஒரு பக்கத்தின் பேச்சே அச்சேறி, மறுபக்கத்தின் பேச்சு அச்சேறாமல் இருந்ததுதான். அதே இதழ் 1995-இல் இணையத்தில் ஏறிற்று. இந்திய நாளிதழ்களுள் அவ்வாறு முதலில் ஏறியது அதுவே. பின்னர் தமிழ் நாளிதழ்களும் ஒவ்வொன்றாக அவ்வழி சென்றன.

இதனால் நம் பள்ளத்தாக்குக்கு என்ன நன்மை? மேற்கே நிற்கும் மலையை நினைத்துப் பாருங்கள். குமுளிக் கணவாய்க்கு அப்பால் மலையாள மனோரமா 1890 முதலும், மாத்ருபூமி 1923 முதலும் வெளிவருகின்றன. ஆனால் அவ்விதழ்கள் நம் வகுப்பறைக்கு வந்ததில்லை. வந்தாலும் மொழி அறியாத மாணவருக்குப் பயன் இல்லை. இன்று அவ்விரு நிறுவனங்களும் ஆங்கிலத்திலும் செய்தித் தளங்கள் நடத்துகின்றன. மலைக்கு அப்பால் இருப்பவர் என்ன படிக்கிறார் என்பதை இங்கே இருந்தே படிக்கும் வாய்ப்பு நமக்கு முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது.

அந்த வாய்ப்பின் அருமை விளங்க, அணையின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம் அது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கும் திட்டம் உருவாயிற்று. அணை அமையும் இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. எனவே 1886 அக்டோபர் 29-ஆம் நாள் 999 ஆண்டுகளுக்கு ஒரு குத்தகை ஒப்பந்தம் எழுதப்பட்டது. பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் எழுந்த அணையை 1895 அக்டோபர் 10-ஆம் நாள் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

பழைய அணை தாங்குமா என்னும் அச்சம் கேரளத்தில் எழுந்ததால், 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006-இல் உச்சநீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரள அரசு சட்டம் இயற்றி அதனைத் தடுத்தது. 2014 மே 7-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று கூறி, 142 அடியை உறுதி செய்தது.

இடையில் 2011 டிசம்பர் வந்தது. அந்த மாதத்தை நம் பள்ளத்தாக்கு மறக்காது. குமுளிப் பாதை அடைபட்டது. கம்பத்திலிருந்து மக்கள் திரள் திரளாக எல்லையை நோக்கி நடந்தார்கள். மலையின் இருபுறமும் எளிய மக்கள் அஞ்சி வாழ்ந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், பதினோராம் வகுப்பு மாணவர்களைப் பள்ளியின் கணினி அறைக்கு அழைத்துச் சென்றேன். 2011 டிசம்பர்ச் செய்திகளைத் தேடச் சொன்னேன். அப்போது அவர்கள் சிறு குழந்தைகள். தமிழ்ச் செய்தி ஒன்றையும், மலைக்கு அப்பால் எழுதப்பட்ட செய்தி ஒன்றையும் எடுத்து, அடிக்கடி வரும் சொற்களைக் கரும்பலகையில் எழுதினோம். ஒருபுறம் உரிமை, ஒப்பந்தம், பாசனம் என்ற சொற்கள் நின்றன. மறுபுறம் பாதுகாப்பு, நிலநடுக்கம், அச்சம் என்ற சொற்கள் நின்றன. அணை ஒன்றே, நாளும் ஒன்றே. ஆயினும் இரண்டு ஊர்களின் கதைகள் போல் அவை இருந்தன. வகுப்பு சிறிது நேரம் பேசாதிருந்தது.

அப்போது பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, அன்று எங்கள் அம்மா ஏலத்தோட்டத்தில் கூலி வேலைக்குப் போயிருந்தார். சில நாள் வீட்டுக்கு வர முடியவில்லை என்று சொல்லுவார். இந்த இரண்டு செய்தியிலும் எங்கள் அம்மா இல்லையே!" என்றாள்.

அந்தக் கேள்விக்கு விடை என்னிடம் ஆயத்தமாக இல்லை. மறுபடியும் தேடினோம். தோட்டத் தொழிலாளர் அஞ்சித் திரும்பிய செய்தி வேறொரு நாளில், சில வரிகளில் கிடைத்தது. விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி மலைக்குச் சென்று மாலையில் திரும்பும் அந்தப் பெண்களுக்கு, கீழே பாயும் நீரும் வேண்டும். மேலே கிடைக்கும் வேலையும் வேண்டும். இருபக்கச் செய்திகளையும் படித்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். இரண்டிலும் இடம் பெறாதவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதை அன்று அந்தப் பெண் எனக்குக் கற்பித்தாள்.

இன்னொரு பாடம் காலக்கணக்கைப் பற்றியது. 2021-இல் மதுரையில் நூலகம் கட்டத் தேர்ந்த இடத்தில் உள்ள பழைய கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று ஒரு செய்தி பரவிற்று. அவரைத் தெய்வமாகப் போற்றும் நம் மக்களின் உள்ளம் துடிப்பது இயல்பே. ஆனால் பென்னிகுவிக் மறைந்த ஆண்டு 1911. அந்தக் கட்டடமோ அதற்குப் பின் எழுந்தது என்று பொதுப்பணித்துறை ஆவணங்கள் கூறுவதாக அரசு விளக்கம் தந்தது. மறைந்தவர் பின்னால் கட்டிய வீட்டில் குடியிருக்க இயலுமோ? இரண்டு ஆண்டுகளை அருகருகே எழுதிப் பார்த்தாலே ஐயம் தீர்ந்துவிடும். நாம் ஒருவர்மேல் வைத்த அன்பு, அவரைப் பற்றிய எல்லாச் செய்தியையும் மெய்யாக்கிவிடாது.

இணையச் செய்திக்கு ஒரு தனி இயல்பும் உண்டு. அச்சில் ஏறிய தாள் மாறுவதில்லை. பிழை இருந்தால் பிழையோடு நிற்கும். திரையில் ஏறிய செய்தியைக் காலையில் ஒருவாறு எழுதி, மாலையில் வேறுவாறு திருத்தலாம். ஆகையால் செய்தியைக் குறிப்பேட்டில் எழுதும்போது இதழின் பெயர், எழுதியவர் பெயர், நாள் ஆகியவற்றோடு, படித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்தி ஒரு தீர்ப்பைப் பற்றியதானால், அந்தத் தீர்ப்பையே தேடிப் படியுங்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்புகள் இன்று யாவரும் காணும்படி இணையத்தில் உள்ளன. ஊற்று அருகில் இருக்கும்போது, பல கை மாறி வந்த நீரைக் குடிப்பானேன்?

நண்பர்களே, கல்வெட்டைப் படிக்க ஒரு பயிற்சி வேண்டும். ஓலைச் சுவடியைப் படிக்க ஒரு பயிற்சி வேண்டும். இன்றைய செய்தியும் நாளைய வரலாற்றுக்குச் சான்றே. அதைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி இல்லாத ஊரில் ஒரு வதந்தி போதும், அடுத்த ஊர்க்காரர் பகைவர் ஆவதற்கு. 2011-இல் மலையின் இருபுறமும் அதைக் கண்டவன் நான். நாளைக் காலை நீங்கள் நீர்மட்டத்தைப் பார்க்கும்போது, மலைக்கு அப்பால் உங்கள் வயதுப் பிள்ளை ஒருவனும் அதே எண்ணைப் பார்க்கிறான் என்பதை நினையுங்கள். அது குறைந்தால் நீங்கள் வருந்துகிறீர்கள். அது உயர்ந்தால் அவன் அஞ்சுகிறான். அவன் ஏன் அஞ்சுகிறான் என்று அவன் ஊர்ச் செய்தித்தாளில் ஒருமுறை படித்துப் பாருங்கள். வரலாறு கற்கும் மாணவனுக்கு அதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை.