தாய்ப்பால் மறுப்பு

தாய்ப்பால் மறுப்பு என்பது, பிறந்த நாள் தொட்டு நன்றாகப் பால் குடித்து வளர்ந்துவந்த குழந்தை, ஒருநாள் திடீரென்று தாயின் மார்பை ஏற்க மறுத்து அழும் நிலையாகும். இது பெரும்பாலும் மூன்றாம் மாதத்திற்கும் ஒன்பதாம் மாதத்திற்கும் இடைப்பட்ட பிராயத்தில் நேர்வது. அநேகமாக இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் தீர்ந்துவிடுவது. சில குழந்தைகளிடம் இரண்டு வாரம் வரையிலும் நீடிப்பது. தாய்க்குப் பெருங்கலக்கத்தை விளைவிக்கும் விஷயமாயினும், குழந்தை தாயை வெறுத்துவிட்டது என்பதற்கோ, பால்குடியை மறக்கும் பருவம் வந்துவிட்டது என்பதற்கோ இது அடையாளமன்று. பேச்சறியாத குழந்தை தன் சரீரத்திலோ சூழ்நிலையிலோ உண்டான ஏதோ ஒரு சங்கடத்தைத் தெரிவிக்கும் முறையே இது என்றும், அச்சங்கடத்தை நீக்கிப் பொறுமையுடன் அணுகினால் பெரும்பாலான குழந்தைகள் மீண்டும் மார்புக்குத் திரும்பிவிடுகின்றன என்றும் அறிந்துகொள்வதே சிகிச்சையின் முதற்படியாகும்.

தோற்றமும் வேறுபாடும்

மடியில் கிடத்திய மாத்திரத்தில் குழந்தை முதுகை விறைத்து வளைத்துக்கொண்டு தலையை அப்புறம் திருப்புவதும், காம்பு உதட்டில் பட்டதும் வீறிட்டு அழுவதும், இரண்டு வாய் சப்பிவிட்டு உதறுவதும் இந்நிலையின் சாதாரணத் தோற்றங்கள். அதே குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டால் சமாதானம் அடைகிறது. தாயின் முகம் பார்த்துச் சிரிக்கிறது. கிலுகிலுப்பையைப் பிடித்து விளையாடுகிறது. நள்ளிரவில், பாதி உறக்கத்தில், பகலெல்லாம் மறுத்த அந்த மார்பையே தேடிப் பற்றி வயிறாரக் குடித்துவிடுவதும் உண்டு.

பால்குடி மறத்தல் இதனினின்றும் வேறுபட்டது. அது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் படிப்படியாக நிகழ்வது. வேறு ஆகாரங்களில் ருசி கண்ட குழந்தை ஒவ்வொரு வேளைப் பாலாக விட்டுக்கொண்டே வந்து, அழுகையும் ஏக்கமும் இன்றி நிறுத்திக்கொள்வது. ஒரு வயது நிரம்புவதற்கு முன் குழந்தை தானாகவே பால்குடியை மறப்பது அரிதாகையால், அவ்வயதிற்குட்பட்ட குழந்தை திடீரென்று மறுத்தால் அதனை மறுப்பு என்றே கொள்ளவேண்டும். நான்காம் மாதத்திற்குப் பின் குழந்தைகள் கதவோசைக்கும் ஆள் நடமாட்டத்திற்கும் பாதிப் பாலில் தலையைத் திருப்பிப் பார்ப்பது உலகை அறியும் ஆவலேயன்றி மறுப்பு ஆகாது. அறையைச் சற்று இருளாக்கி, சந்தடியைக் குறைத்தால் அது தணிந்துவிடும்.

மிகவும் கவனிக்கத்தக்க வேறுபாடு, குடிக்க விரும்பாத குழந்தைக்கும் குடிக்க இயலாத குழந்தைக்கும் உள்ளதாகும். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வகுத்து இந்தியாவிலும் கைக்கொள்ளப்பட்டுவரும் ஒருங்கிணைந்த குழந்தை நோய்ச் சிகிச்சை முறையில், 2 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தை எதையும் அருந்தவோ பால் குடிக்கவோ இயலாதிருப்பது அபாயக் குறிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. துவண்டு கிடக்கும் குழந்தையின் மறுப்பையும் விளையாடித் திரியும் குழந்தையின் மறுப்பையும் ஒன்றென எண்ணலாகாது.

காரணங்கள்

காரணங்களுள் முதலில் ஆராயத்தக்கது குழந்தையின் தேகநிலை. ஜலதோஷத்தால் மூக்கடைத்த குழந்தை ஒரே வேளையில் சப்பவும் மூச்சுவிடவும் முடியாமல் திணறி மார்பை விட்டுவிடும். தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குறுகியதாகவும் படுக்கைவாட்டாகவும் இருப்பதால், சளி பிடித்ததைத் தொடர்ந்து காதில் சீழ் கோத்து வலி உண்டாதல் எளிது. அத்தகைய குழந்தை படுக்கவைத்தால் அழும், நிமிர்த்தினால் ஓயும், காதைப் பிடித்து இழுக்கும். கீழ்வரிசை நடு முன்பற்கள் பெரும்பாலும் 6 முதல் 10 மாதங்களுக்குள் முளைப்பதால், அப்போது வீங்கிய ஈறு சப்புந்தோறும் நோகும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்துணுக்குகள்போல் வெள்ளை படிந்து, துடைத்தாலும் எளிதில் போகாவிடில் அது பூஞ்சக்காளானால் வரும் வாய்வெண்மையாகும். இதற்குக் குழந்தையின் வாய்க்கும் தாயின் காம்புக்கும் ஒருங்கே மருந்திடவேண்டும். தடுப்பூசி போட்ட தொடை அழுந்தும்படி ஏந்தியிருத்தலும் மறுப்புக்குப் போதிய காரணமாகும்.

இரண்டாவது, பாலின் தன்மையிலும் அளவிலும் நேரும் மாறுதல். மார்பில் பால் கட்டி அழற்சி கண்டால் பாலில் உப்புச் சத்து மிகுந்து சுவை கரிக்கும். மீண்டும் மாதவிலக்குத் தொடங்கும்போதும், மறுபடி கருவுற்றபோதும், சுவையோ சுரப்போ மாறக்கூடும். புட்டிப்பால் அடிக்கடி கொடுக்கப்படும் குழந்தை, முயற்சியின்றி வாயில் விழும் அவ்வோட்டத்திற்குப் பழகி, மார்பில் பால் இறங்கும்வரை காத்திருக்கப் பொறுப்பதில்லை. தாய் உண்ட உணவே காரணம் என்று ஒவ்வொன்றாக விலக்கிவைக்கும் வழக்கத்திற்கு ஆதாரம் சொற்பம். பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆராய்ச்சி நிலையத்தினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் பூண்டு உட்கொண்டபின் பாலின் வாசனை மாறியதும், குழந்தைகள் மார்பை விடாமல் அதிக நேரம் பற்றியிருந்ததும் கண்டறியப்பட்டன. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துத் தரும் நம் வீட்டு வழக்கத்தில் அஞ்சத்தக்கது ஏதுமில்லை.

மூன்றாவது, தாயைச் சார்ந்த மாறுதல்கள். பிறந்து பத்து நாட்களுக்குள்ளாகவே சிசு தன் தாயின் பால்வாசனையைப் பிறர் வாசனையினின்றும் பிரித்தறிகிறது என்பதை மாக்ஃபர்லேன் என்னும் ஆங்கில மருத்துவர் 1975-இல் காட்டினார். ஆகவே புதிய சோப்பு, வாசனைத் தைலம், காம்பில் தடவிய களிம்பு ஆகியவை குழந்தைக்குத் தாயை அந்நியமாக்கிவிடக்கூடும். முதற்பல் முளைத்த குழந்தை கடித்துவிட, தாய் வலி தாளாமல் ‘ஐயோ’ என்று அலற, அக்கூச்சலுக்கு நடுங்கிய குழந்தை அதன்பின் மார்பை நெருங்கவே அஞ்சுவதும் உண்டு. வெளியூர்ப் பயணம், வீடு மாறுதல், குடும்பத்தில் சச்சரவு, தாய் நெடுநேரம் பிரிந்திருத்தல் ஆகியனவும் காரணங்களாம். எவ்வளவு ஆராய்ந்தும் காரணம் புலப்படாத மறுப்புகளும் உள, அவையும் தீர்ந்துவிடுவனவே.

செய்யத்தக்கவை

இக்காலத்தில் தாய் காக்கவேண்டியவை இரண்டு: குழந்தையின் போஷாக்கு, தன் பாற்சுரப்பு. குழந்தை சப்பும்போது காம்பின் நரம்புகள் தூண்டப்பட்டு, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து புரோலாக்டினும் ஆக்ஸிடோசினும் வெளிப்படுகின்றன. முன்னது பாலைச் சுரப்பிக்கிறது, பின்னது சுரந்த பாலைக் காம்பை நோக்கித் தள்ளுகிறது. பால் வெளியேறாமல் தேங்கினால் சுரப்பு தானே குறைந்துபோகும். மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சலும் வரலாம். ஆகையால் குழந்தை எத்தனை வேளை குடித்துவந்ததோ அத்தனை வேளையும், ஏறக்குறைய மூன்று மணி நேரத்திற்கொரு முறை, இரவிலும் விடாமல், கையாலோ கருவியாலோ பாலைப் பீய்ச்சி எடுக்கவேண்டும்.

கையால் பீய்ச்சும் முறை எளிது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, வெந்நீரில் நனைத்த துணியால் மார்பில் ஒற்றடமிட்டு, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பையொட்டி மேலே கட்டைவிரலும் கீழே சுட்டுவிரலும் வைத்து, முதலில் நெஞ்சுப்புறமாக அழுத்திப் பின் இரு விரல்களையும் சேர்த்து அமுக்கி விடவேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தல் கூடாது. தொடக்கத்தில் சொட்டுச்சொட்டாக வரும் பால் சிறிது நேரத்தில் பீறிடும். 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத அறையில் இப்பாலை 4 மணி நேரமும், குளிர்ப்பெட்டியில் 4 நாட்களும் வைத்திருக்கலாம். சித்திரை வைகாசி வெயிலில் உடனே ஊட்டிவிடுவதே நலம். குளிர்ந்த பாலை அடுப்பிலேற்றாமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை நிறுத்திச் சூடாக்கவேண்டும்.

எடுத்த பாலைப் புட்டியில் ஊட்டாமல் சிறு கிண்ணத்திலோ பாலாடை என்னும் மூக்குள்ள சிறு ஊட்டுகலத்திலோ ஊட்டுவது உத்தமம். இன்று பச்சிளங்குழந்தை மருத்துவப் பிரிவுகளிலும் பாலாடை பயன்பட்டுவருகிறது. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் பொருத்தி, குழந்தை விழுங்க விழுங்கச் சிறிதுசிறிதாகச் சாய்க்கவேண்டும். படுக்கவைத்து வாயில் ஊற்றினால் புரையேறும். ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குக் கூழும் குழைந்த பருப்புச் சோறும் வழக்கம்போல் கொடுத்துவரலாமாயினும், பாலின் இடத்தை அவை நிரப்பா.

மீண்டும் மார்புக்குக் கொணர்தல்

இதில் ஒரே ஒரு விதி மாறாதது: பலவந்தம் கூடாது. தலையைப் பிடித்து மார்பில் அழுத்துவதும், பசித்தால் தானே வரும் என்று பட்டினி போடுவதும், மார்பைப் போராட்டக் களமாக்கி மறுப்பை நீட்டிக்கும். குழந்தை முகந்திருப்பினால் உடனே விட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி காட்டவேண்டும். உறங்கப்போகும் வேளையும், உறக்கம் கலையும் வேளையும் இதற்கு மிகவும் ஏற்றவை. இருண்ட அறையில் சட்டையின்றிக் குழந்தையை வெற்று மார்போடு அணைத்துக் கிடத்தி, பால் கொடுக்கும் எண்ணமே இல்லாததுபோல் தாலாட்டிக்கொண்டிருந்தால், அந்த ஸ்பரிசத்திலும் வாசனையிலும் குழந்தை தானாகவே காம்பைத் தேடத் தொடங்கும். இடுப்பில் ஏந்தி நடந்துகொண்டோ ஊஞ்சலில் மெல்ல ஆடிக்கொண்டோ கொடுத்தால் ஏற்கும் குழந்தைகளும் உண்டு. முன்னதாகச் சிறிது பீய்ச்சிப் பாலை இறங்கச் செய்து, இரண்டு சொட்டுக் காம்பில் நிற்கும்படி காட்டினால் காத்திருக்கும் எரிச்சல் குறையும்.

காது நோகும் குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுக்கவேண்டும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டும், ஈறுவலிக்குக் குளிர்ந்த ஈரத்துணியும் பயன்தரும். கடிக்கும் குழந்தையின் வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து மெல்ல விடுவித்து, சாந்தமான குரலில் வேண்டாமென்று சொல்வதே போதும்.

விலக்கத்தக்கவை

கண்ணேறு பட்டதென்று திருஷ்டி கழிப்பதால் தீங்கில்லை. ஆயினும் அதனோடு நின்று காதையும் வாயையும் பாராமல் விடுவது தவறு. காம்பில் தேன் தடவிக் கொடுக்கச் சொல்லும் யோசனையை ஏற்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குப் பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோயை விளைவிக்கக்கூடும். பால் கட்டிக்கொண்டதற்காக மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவதும் இச்சமயத்தில் தகாது. மல்லிகை பாற்சுரப்பை அடக்குகிறது என்பது 1988-இல் வெளியான மருத்துவ ஆய்வாலும் தெரியவந்துள்ளது. பால்குடி மறக்கடிக்கும் வேப்பெண்ணெயையும் இந்நாட்களில் தீண்டலாகாது.

மருத்துவரை நாடவேண்டிய நிலைகள்

ஒரு நாளில் ஆறு துணிகளேனும் நன்றாக நனைந்து, குழந்தை சுறுசுறுப்பாக இருந்தால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை, வாய் உலர்தல், உச்சிக்குழி குழிதல், கண்ணீரின்றி அழுதல், ஜுரம், ஓயாத வாந்தி, வேகமான மூச்சு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் காலதாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். கிண்ணத்திலும் பாலாடையிலும்கூடக் குடிக்க மறுக்கும் குழந்தையைப்பற்றியும் இதுவே விதி. தெளிவான காரணம் தெரியாதபோது, வேறு குறிகள் இல்லாவிடினும், காது, தொண்டை, வாய் ஆகியவற்றை மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குடும்பத்தின் கடமை

தாய்ப்பாலை முதல் 6 மாதம் தனி ஆகாரமாகவும், பின்னர்த் துணையுணவோடு 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியாவில் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதலிரு பிரசவங்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. இவ்விடுப்பு முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும் காலமே மறுப்பு மிகுதியாகக் காணப்படும் பிராயமுமாய் அமைந்துவிடுகிறது. குழந்தைக்கு 15 மாதம் நிரம்பும்வரை நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளுக்குச் சட்டம் உரிமை தருகிறது. பீய்ச்சுவதற்கேனும் அவ்விடைவேளைகளைத் தவறாமல் பயன்படுத்திக்கொள்ளவேண்டும்.

கவலை மிகுந்தால் ஆக்ஸிடோசின் தடைப்பட்டுப் பால் இறங்கத் தாமதிக்கும். அதனால் குழந்தை மேலும் சினந்து மறுக்கும். ஆகவே ‘உன் பால் வற்றிவிட்டது’, ‘உன் பாலில் சத்தில்லை’ என்று மாமியாரோ கணவனோ அக்கம்பக்கத்தாரோ சொல்லும் ஒரு சொல் வெறும் சொல்லாக நின்றுவிடுவதில்லை. அச்சொல்லை விடுத்து, வீட்டு வேலைகளைத் தாங்கள் ஏற்று, தாய்க்கு வேளைக்கு உணவும் உறக்கமும் குழந்தையோடு தனித்திருக்கும் அவகாசமும் தருவது குடும்பத்தார் செய்யத்தக்க பேருதவி. சுரப்பு குறைந்துபோன பின்னரும் இடைவிடாத முயற்சியால் அதனைப் பெருக்கலாம் என்பதையும், சில நாள் மறுப்பைக் கண்டு அஞ்சிப் பால்மாவு டப்பாவைத் தேடுவதற்குமுன் பொறுத்துப் பார்க்கக் காலம் இருக்கிறது என்பதையும் ஒவ்வொரு தாயும் அவளைச் சூழ்ந்திருப்போரும் அறிந்திருத்தல் வேண்டும்.