உபரி நிலமும் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பும்



பொது அமைப்பு ஒன்று பணமுடைக்கு ஆளாகும்போது அதன் பார்வை முதலில் விழுவது நிலத்தின் மீதுதான். அலுவலகத்தை விற்க இயலாது. ஊழியரை உடனே குறைக்கவும் இயலாது. ஊருக்கு வெளியே கிடக்கும் வயலுக்கோ வாயில்லை. எனவே அதற்கு ‘உபரி’ என்று பெயர் சூட்டி ஏலப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். இச்சொல்லின் வரலாற்றை அறிந்துகொள்வது, வக்ஃபு நிலங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் நம் போன்ற ஜமாஅத்தினருக்கு இன்றியமையாதது.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். அங்கே 1892இல் இயற்றப்பட்ட சிறுபண்ணைச் சட்டமும், அதனை வலுப்படுத்திய 1908ஆம் ஆண்டுச் சட்டமும், கவுண்டி கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றங்கள் விளைநிலங்களை வாங்கிச் சிறு உழவர்களுக்கு வழங்க வழிவகுத்தன. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல், போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்களைக் குடியமர்த்தவும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. சொந்தமாக நிலம் வாங்க வசதியற்ற உழவனுக்கு முதல் படிக்கட்டாக இருப்பதே இப்பண்ணைகளின் நோக்கம். ஆனால் 1977இல் 4,26,000 ஏக்கருக்கு மேலிருந்த இந்நிலம், 2017இல் ஏறத்தாழ 2,15,000 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. குறிப்பாக 2010க்குப் பின் மைய அரசின் நிதியுதவி குறைந்தபோது, பற்றாக்குறையை ஈடுகட்டப் பல மன்றங்கள் பண்ணைகளை விற்றன. கேம்பிரிட்ஜ்ஷயர் போன்ற சில மன்றங்களோ நிலத்தைக் காத்து, இன்றும் ஆண்டுதோறும் குத்தகை வருவாய் பெற்று வருகின்றன. விற்ற பணம் ஓரிரு ஆண்டுச் செலவில் கரைந்துவிடும். விற்ற நிலம் திரும்பி வராது.

இந்தக் கேள்வியை இஸ்லாமிய வரலாறு பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கிறது. காதிஸிய்யா போருக்குப் பின், ‘ஸவாத்’ எனப்படும் இராக்கின் வளமிக்க ஆற்றுச் சமவெளி முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தது. அந்நிலத்தைப் பங்கிட்டுத் தருமாறு வீரர்கள் கேட்டனர். அது நியாயமற்ற கோரிக்கை அன்று. கைபரின் நிலங்களில் ஒரு பகுதியை நபி (ஸல்) அவர்கள் பங்கிட்டளித்த முன்மாதிரி அவர்கள் கண்முன் இருந்தது. பிலால் (ரலி), அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) போன்ற பெரும் ஸஹாபாக்களே பங்கீட்டின் பக்கம் நின்றனர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. இன்றிருப்போருக்கே எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டால், நாளை வரப்போகும் தலைமுறைகளுக்கும், விதவைகளுக்கும், அநாதைகளுக்கும், எல்லைகளைக் காக்கும் படைகளுக்கும் எது மிஞ்சும் என்று வினவினார்கள். எனினும் அதிகாரத்தைக் கொண்டு வாதத்தை முடித்துவிடவில்லை. முஹாஜிர்களிடம் கருத்துக் கேட்டார்கள்; அன்ஸார்களில் அவ்ஸ் கோத்திரத்திலிருந்து ஐவரையும் கஸ்ரஜிலிருந்து ஐவரையும் அழைத்துக் கலந்தாலோசித்தார்கள். இறுதியில் அவர்கள் முன்வைத்த சான்று, அல்ஹஷ்ர் அத்தியாயத்தின் ஏழாம் வசனம் முதல் பத்தாம் வசனம் வரையிலான பகுதி. அதில் முஹாஜிர்களையும் அன்ஸார்களையும் குறிப்பிட்டபின், அவர்களுக்குப் பின்னர் வருவோரையும் இறைவன் சேர்த்துக் கூறுகிறான். பிறவாத குழந்தைக்கும் அந்த நிலத்தில் பங்குண்டு என்பதே இதிலிருந்து உமர் (ரலி) அவர்கள் கண்ட முடிவு.

நிலம் உழுதவர் கையிலேயே விடப்பட்டு, ‘கராஜ்’ என்னும் வரி விதிக்கப்பட்டது. உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டு நிலம் முழுவதும் அளக்கப்பட்டது. 3 கோடியே 60 இலட்சம் ஜரீபு என்று கணக்கு வந்தது. இவ்விவரங்களை ஹாரூன் ரஷீதின் தலைமை நீதிபதியாக விளங்கிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். நிலத்தைக் காப்பது என்று முடிவெடுத்தவுடன் அதை அளந்து பதிவு செய்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. அளக்கப்படாத நிலம் காக்கப்படுவதில்லை.

இதே உமர் (ரலி) அவர்கள்தாம், கைபரில் தமக்குக் கிடைத்த சிறந்த நிலத்தை என்ன செய்வது என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டவர்கள். மூலத்தை நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தர்மம் செய்ய வழிகாட்டப்பட்டது. அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகத் தரப்படாது, வாரிசுரிமையாகவும் போகாது என்னும் நிபந்தனையுடன் அது வக்ஃபானது. இன்றைய வக்ஃபுச் சட்டங்களின் ஆணிவேர் இதுவே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இங்கிலாந்தில் சிறுபண்ணைச் சட்டம் பிறந்த அதே 1892இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை அடுத்து, சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலங்கள் வழங்க ஆணை பிறந்தது. குறிப்பிட்ட காலம் வரை விற்கக்கூடாது. அதன்பின்னும் அம்மக்களுக்குள் அன்றிப் பிறருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது. நிலமோ பெருமளவு கைமாறிப்போனது. காவலர் இல்லாத நிபந்தனை வேலியாகாது.

தமிழ்நாட்டின் 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தரநிலை ஏக்கர் என வரம்பிட்டது. 1970இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. வரம்பை மீறியது ‘உபரி’. அந்த உபரி நிலமற்றவருக்குச் சேர வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். உள்ளவரிடமிருந்து இல்லாதவருக்குச் செல்வதைக் குறித்த அதே சொல், இன்று பொதுநிலத்தைப் பணமுள்ளவருக்கு விற்கும்போதும் பயன்படுகிறது. ஆகவே ‘உபரி’ என்று யாரேனும் கூறினால், யாருடைய தேவைக்கு மேல் உபரி என்று கேட்பது நம் கடமை.

வக்ஃபு நிலத்தை ஒருபோதும் மாற்றவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். கொங்கு நாட்டு இராவுத்தர்களாகிய நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் ‘இஸ்திப்தால்’, அதாவது ஈடாக மாற்றுதல், உண்டு. ஆனால் நிலம் பயனற்றுப் போயிருக்க வேண்டும். காழியின் அனுமதி வேண்டும். விலையில் மோசடி இருத்தலாகாது. கிடைக்கும் ஈடு வக்ஃபுக்கு நன்மையாக இருக்க வேண்டும். கட்டட வேலைக்குப் பணம் போதவில்லை என்பது இந்நிபந்தனைகளுள் எதுவும் அன்று. நாட்டுச் சட்டமும் 1995க்குப் பின் வாரியத்தின் அனுமதியோடு விற்க இடம் தந்திருந்த நிலையை மாற்றி, 2013 திருத்தத்தில் வக்ஃபுச் சொத்து விற்பனை செல்லாது என்றாக்கியது. மறுபுறம், 2025 திருத்தச் சட்டம் வக்ஃபு நில வழக்குகளுக்கும் காலவரம்புச் சட்டத்தைப் பொருத்தியுள்ளது. ஆக்கிரமிப்பைக் கண்டும் ஆண்டுக்கணக்கில் வாளாவிருந்தால், வழக்காடும் உரிமையே கைநழுவக்கூடும்.

கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் நம் கோபி வட்டாரத்தில் நெல்லும் மஞ்சளும் விளைந்த வயல்களில் மனைக்கற்கள் முளைப்பதை நாள்தோறும் காண்கிறோம். ஏக்கர் கணக்கு சென்ட் கணக்காகும்போது சபலம் பெருகும். ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் நிலங்களின் புல எண், சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைத் திரட்டி வைக்கட்டும். குத்தகையை ஊரறிய ஏலமிட்டு, வரவு செலவைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். முத்தவல்லி மாறும்போது சாவியோடு ஆவணக் கோப்பும் கணக்கெடுத்துக் கைமாறட்டும்.

நிலத்தை நமக்கு விட்டுச் சென்றவர்கள் நம் முகம் அறியாதவர்கள். நாம் யாருக்காகக் காக்கிறோமோ அவர்களும் நம் முகம் அறியப்போவதில்லை. இடையில் நிற்கும் நம்மிடம் இருப்பது உடைமை அன்று, அமானிதம். அதனைக் குறைவின்றி ஒப்படைக்கும் நல்லுதவியை வல்ல அல்லாஹ் நமக்கு வழங்குவானாக. ஆமீன்.