கூட்டெழுத்தும் நம் பிள்ளைகளும்



“கைப்பேசி வந்தாச்சு, கணினி வந்தாச்சு, இனிமே பிள்ளைக்குக் கையெழுத்துப் பயிற்சி எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லுமுன் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம்.

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினார்கள். புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று பெரும்பாலும் புள்ளியில்லாமலே எழுதினார்கள். திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும். கை பழகிய பிறகே ஓலை. பிறகு தாளும் அச்சும் வந்தன. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழில் அச்சானது.

அச்சு வந்தும் சில எழுத்துகள் கூட்டெழுத்தாகவே நின்றன. ‘லை’, ‘னை’ போன்றவற்றுக்கு யானைத் தும்பிக்கை போல மேலே ஒரு சுழி. ‘ணா’, ‘றா’, ‘னா’ எழுத்துகளுக்குக் கால் தனியாக இராது, எழுத்தோடு சேர்த்துச் சுழித்துவிடுவார்கள். பெரியார் 1935-இல் தமது ‘குடி அரசு’ ஏட்டில் இவற்றை எளிமையாக்கினார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு 13 எழுத்துகளில் அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றது. சிங்கப்பூர் 1983-இல் ஏற்றது. நம் பாடநூல்களிலும் இன்று அந்த எழுத்தே. படிக்கவும் அச்சடிக்கவும் அது சுலபம் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் தாத்தா எழுதிய பழைய கடிதத்தைப் பேரனிடம் கொடுத்துப் பாருங்கள். சுழியைக் கண்டதும் திகைத்து நிற்பான்.

தோட்டத்துக் கதையையும் நினைக்க வேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கியது. கைநாட்டு வைத்தே சம்பளம் வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். ஊருக்கு இரண்டு வரி எழுத வேண்டுமென்றால் கிராணியையோ வாத்தியாரையோ தேடிப் போக வேண்டும். வீட்டுக் கஷ்டம், கடன், பெண்ணின் கல்யாணம் எல்லாம் அடுத்தவர் காதில் விழுந்த பிறகே தாளில் ஏறும். தன் கையால் எழுதத் தெரிந்தவனுக்கே தன் வீட்டுச் சங்கதி தனக்கென்று இருந்தது.

அமெரிக்காவில் 2010-இல் வந்த பொதுப் பாடத்திட்டம் சேர்த்தெழுதும் பயிற்சியைச் சேர்க்காமல் விட்டது. கலிபோர்னியா மாநிலம் 2023-இல் சட்டமியற்றி அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கைவிட்டவர்களே தேடி வருகிறார்கள், பார்த்தீர்களா?

ஆகவே என் கருத்து இது. பழைய சுழியை எழுதச் சொல்லி இன்றைய பிள்ளையை வருத்த வேண்டியதில்லை. ஆனால் வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒரு பாடவேளை போதும். கையெழுத்துப் பயிற்சியையோ ஒருபோதும் கைவிடக் கூடாது.

பெற்றோர்களே! வீட்டுத் தகரப் பெட்டியில் பழைய கடிதம் கிடந்தால் எடுத்துக் கொடுங்கள். பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும். பிறகு இன்றைய எழுத்தில், தன் கையாலேயே ஒரு படி எழுதட்டும். பாட்டன் பட்ட பாடு பேரனுக்குத் தெரிய இதைவிட நல்ல பாடம் வேறில்லை.