பாடிகாவலில் இருந்து 160 மணி நேரம் வரை

விருத்தாசலம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பீங்கான். களிமண், சூளை, மெருகு எல்லாம் முறையாகச் சொல்லித்தர அங்கே அரசுப் பயிலகமே இருக்கிறது. ஆனால் ஒரு தொழிற்கூடத்தின் வாசலில் இரவெல்லாம் விழித்திருக்கும் காவலாளிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது 2005-ல்தான்.

அதற்கு முன் காவலுக்குத் தகுதியே கிடையாதா? இருந்தது, வேறு மாதிரி. சோழர் காலத்துப் 'பாடிகாவல்' என்பது ஊரைக் காக்கும் உரிமை. அதற்காக ஊரார் வரி கொடுத்தார்கள். நடுநாட்டில் அந்த உரிமையோடு வளர்ந்தவர்கள் காடவராயர்கள். அவர்கள் வம்சாவளியைச் சொல்லும் 1186-ம் ஆண்டுக் கல்வெட்டு விருத்தாசலத்தில்தான் இருக்கிறது. அதே குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் 1231 வாக்கில் மூன்றாம் ராஜராஜ சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். காவல்காரனே அரசனைப் பூட்டி வைத்த கதை!

பாளையக்காரர் காலத்தில் கணக்கு எளிது. களவு போனால் காவல்காரர் பொருளை மீட்டுத்தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். பயிற்சியை யாரும் கேட்கவில்லை, பொறுப்பைக் கேட்டார்கள். (அவர்களே திருடுகிறார்கள் என்ற புகாரும் கூடவே வந்தது.) கும்பினி ஆட்சி 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த முறையைக் கலைத்தது. 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. ஆலை வாசல் வாட்ச்மேனைப் பற்றி அதன் பிறகும் வெகுகாலம் யாரும் யோசிக்கவில்லை.

2005-ம் ஆண்டுச் சட்டம் உரிமம் இல்லாமல் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தக் கூடாது என்றது. 2006-ல் வந்த மத்திய மாதிரி விதிகள் பயிற்சிக்கு அளவு வைத்தன: வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்கள். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் 40-ம் 16-ம் போதும். தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, வெடிபொருளை அடையாளம் காண்பது, போலீசில் புகார் பதிவது எல்லாம் பாடத்தில் உண்டு. அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும். பயிற்சி முடிந்தால் சான்றிதழ்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டம் பிடிப்பது ஏஜென்சியை. சிறிய சூளைக்காரர் தெரிந்த பெரியவர் ஒருவரை நேரடியாகச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் இந்த 160 மணி நேரம் அவருக்குப் பொருந்தாது. ராத்திரி சூளைப் பக்கம் தீப்பிடித்தால் முதலில் ஓட வேண்டியவரும் அவர்தான்.