மொழி உறவும் குருதி உறவும்: பொன்மலை ஆங்கிலோ-இந்தியர் வரலாறு தரும் படிப்பினை

பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளைப் பிணைப்பது ஆங்கில மொழியும், அதனோடு வளர்ந்த சட்டமும் கல்வியும் வழிபாட்டு முறையுமே என்பர். இவ்வுறவு எத்தகையது என்பதை ஆராய நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த பொன்மலையின் வரலாறே அதற்குச் சான்று பகரும்.

தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றப்பட்டது. அதைச் சூழ்ந்த குடியிருப்புகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. அவர்கள் தந்தைவழியில் ஐரோப்பிய மரபினர். வீட்டிலும் ஆலயத்திலும் ஆங்கிலமே பேசினர். பிறந்த மண்ணோ இந்தியா. இரயில்வே, சுங்கம், தபால்-தந்தி ஆகிய துறைகளில் அவர்களுக்கென இருந்த ஒதுக்கீட்டை நமது அரசியல் சட்டத்தின் 336-ஆம் பிரிவு படிப்படியாகக் குறைத்து, 1960-இல் முடிவுக்குக் கொணர்ந்தது. பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிக் கலங்கியோர் பலர் கடல் கடக்கத் துணிந்தனர்.

தம் மொழி பேசும் நாடுகள் தம்மைச் சுற்றத்தாராக ஏற்கும் என அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆயின் அந்நாடுகள் முதலில் வினவியது மொழியை அன்று, மூதாதையரையே. 1948-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் வந்தபின், தந்தைவழியில் பிரிட்டிஷ் முன்னோர் இருந்ததை மெய்ப்பிக்கும் பொருட்டு, ஆலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பலர் தேடலாயினர். திருச்சபை தன் அங்கத்தினரைக் குறிக்க எழுதிய ஏடு, குருதியின் சான்றிதழாயிற்று. 1962, 1968-ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வாயிலை மேலும் குறுக்கின.

ஆஸ்திரேலியாவின் 1901-ஆம் ஆண்டுச் சட்டமோ வெள்ளையரல்லாதாரை விலக்கவே எழுந்தது. 1947 ஆகஸ்டில் 'மனூரா' என்னும் கப்பல் ஆங்கிலோ-இந்தியர் பலரை பிரிமாண்டில் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களின் நிறத்தைக் கண்ட அதிகாரிகள் விதிகளை இறுக்கினர். 1966-இல் தளர்ந்து 1973-இல் அக்கொள்கை ஒழிந்த பின்னரே வழி செவ்வையாயிற்று. நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் துறைகளில் ஒரு சொல்லை உச்சரிக்க இயலாதோர் மாண்டனர். இவர்களோ சொல்லைப் பிழையற உச்சரித்தும் துறையில் நிறுத்தப்பட்டனர்.

மற்றொரு சாராரின் வரலாறும் நோக்கத்தக்கது. அச்சமூகத்தின் தலைவர் பிராங்க் அந்தோணி, தம் மக்கள் நாட்டுரிமையால் இந்தியரே என வலியுறுத்தினார். ஆங்கிலத்தை எட்டாம் அட்டவணையில் சேர்க்குமாறு அவர் 1959-இல் மக்களவையில் கொணர்ந்த தீர்மானத்தின் விவாதத்திலேயே, இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்னும் உறுதிமொழியை நேரு அளித்தார். தமிழர் பெரிதும் போற்றிய அவ்வுறுதிமொழிக்கு வாய்ப்பளித்தவர், இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட ஓர் ஆங்கிலோ-இந்தியர். எனினும் சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் அச்சமூகத்தார்க்கு இருந்த நியமன இடங்கள் 2020-இல் நீங்கின.

ஒரு மொழி பல நாடுகளைப் பிணைக்கலாம். ஆயினும் வந்தவனை உறவினனாக ஏற்பது மொழியின் செயலன்று, மனிதரின் செயல். தொட்டியம், முசிறிப் பகுதி இளைஞரும் இன்று ஆங்கிலக் கல்வியைத் துணைக்கொண்டு அந்நாடுகளை நாடுகின்றனர். அவர்கள் அங்கு அன்போடு ஏற்கப்பட வேண்டும் என விழைகிறோம். அவ்வாறாயின், தமிழறியாது நம் ஊர்களுக்குப் பிழைப்புத் தேடி வரும் வடமாநிலத் தொழிலாளரை நம் சபைகள் எவ்வாறு ஏற்கின்றன என்னும் வினாவுக்கும் நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.